புயலே அடிக்காத புயல் பெருங்கடல்: நிலாவின் கரிய சமவெளி பற்றி இதெல்லாம் தெரியுமா?

நிலாவில் ஒரு பெருங்கடல் உண்டு. அதில் அலை இல்லை, கரையில் நுரை இல்லை. அங்கே காற்றே கிடையாது என்பதால் புயலுக்கும் வழியில்லை. ஆனாலும் அதன் பெயர் புயல்களின் பெருங்கடல்! வரைபடங்களில் 'ஓசனஸ் புரோசெல்லாரம்' என்று போட்டிருப்பார்கள். பாட்டி வடை சுடுகிறாள், முயல் பதுங்கியிருக்கிறது என்று பிள்ளைகளுக்கு நாம் காட்டும் கரிய திட்டுகளில் மிகப் பெரியது இதுதான். இந்தச் சமவெளியைப் பற்றி அறிஞர்கள் அடித்துச் சொன்ன சங்கதிகள் பல. அங்கே போன விண்கலங்கள் அவற்றை ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்ட கதையைக் கேட்டால் தலை சுற்றும்!

நிலாவில் கடல்கள் பல, பெருங்கடல் ஒன்றே ஒன்றுதான்!

இத்தாலியைச் சேர்ந்த பாதிரியார் ரிச்சோலி 1651-இல் வெளியிட்ட நூலில் நிலாவின் வரைபடம் ஒன்று இருந்தது. வரைந்தவர் அவருடைய சக பாதிரியார் கிரிமால்டி. நிலாவின் கரும்பகுதிகளுக்கு அமைதிக் கடல், மழைக் கடல் என்றெல்லாம் பெயர் சூட்டியது அந்த நூல்தான். 370 ஆண்டுகள் கடந்தும் அந்தப் பெயர்களே புழக்கத்தில் இருக்கின்றன. அத்தனை கடல்களுக்கு நடுவே 'பெருங்கடல்' பட்டம் பெற்றது இது ஒன்றுதான். பரப்பு சுமார் 40 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிஞ்சும்! வடக்கிலிருந்து தெற்கே 2,500 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது.

அந்தக் கறுப்பு, உறைந்துபோன நெருப்பு!

பல நூறு கோடி ஆண்டுகளுக்கு முன் நிலாவின் மேலோடு பிளந்து, உள்ளிருந்து எரிமலைக் குழம்பு பொங்கி வழிந்தது. நம் ஊர் எரிமலைகள் கக்கும் குழம்பைவிட அது இளகலானது. அதனால் மலையாகக் குவியாமல் தாழ்வான இடங்களிலெல்லாம் பரவி நிரம்பி, பசால்ட் பாறையாக இறுகிவிட்டது. இரும்புச் சத்து மிகுந்த அந்தப் பாறை வெயிலைப் பெருமளவு விழுங்கிவிடும். நமக்குப் பளபளவென்று தெரியும் நிலாவின் இந்தப் பகுதி உண்மையில் திருப்பி அனுப்பும் வெளிச்சம், தேய்ந்துபோன தார்ச்சாலை அனுப்பும் அளவுக்குத்தான்!

இன்னொரு வியப்பு. 1959 அக்டோபரில் சோவியத்தின் லூனா 3 முதன்முறையாக நிலாவின் மறுபக்கத்தைப் படமெடுத்தது. அங்கே கரும்பகுதிகளைத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. நம்மைப் பார்க்கும் பக்கத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, மறுபக்கத்திலோ நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. ஒரே கோளம், இரண்டு முகங்கள்! ஏன் இந்த ஓரவஞ்சனை என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

சந்திரன் உதிக்கும்போது கீழே, மறையும்போது மேலே!

இதைப் பார்க்கத் தொலைநோக்கி வேண்டாம். வளர்பிறை அஷ்டமி அன்று இந்தச் சமவெளி முழுக்க இருட்டில் கிடக்கும். தசமி வாக்கில் அதன் கிழக்கு ஓரத்தில் பொழுது விடியும். சதுர்த்தசிக்குள் எல்லா இடத்திலும் வெயில் ஏறிவிடும். பௌர்ணமியன்று நிலா கிழக்கே எழும்போது தமிழ்நாட்டிலிருந்து பாருங்கள்: தட்டின் அடிப்பாகத்தில் அகலமாகக் கறுத்திருப்பது இதுதான். அதே நிலா விடியற்காலையில் மேற்கே இறங்கும்போது பார்த்தால், அந்தக் கறுப்பு உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும்! தேய்பிறை அஷ்டமிக்குப் பின் மிஞ்சும் பிறையில் இதன் ஆட்சிதான்.

விண்கலம் புழுதியில் புதைந்துவிடும் என்று பயந்தார்கள்!

நிலாவின் சமவெளிகளை ஆழமான நுண்புழுதி மூடியிருக்கலாம் என்று 1955-இல் வாதிட்டார் தாமஸ் கோல்ட் என்ற வானியலாளர். இறங்கும் கலம் மூழ்கிப் போய்விடுமோ என்ற கலக்கம் பரவியது. அதைத் தீர்த்து வைத்தது 1966 பிப்ரவரி 3 அன்று புயல் பெருங்கடலில் இறங்கிய லூனா 9. பல தோல்விகளுக்குப் பிறகு சோவியத்துக்குக் கிடைத்த வெற்றி அது. வேறோர் உலகத்தில் நொறுங்காமல் இறங்கிய முதல் மனிதப் படைப்பும் அதுதான்! சுமார் 100 கிலோ எடையுள்ள உருண்டை தரையில் விழுந்து உருண்டு நின்றது. இதழ்கள் விரிந்தன, உள்ளிருந்த கேமரா சுற்றிலும் பார்த்தது. தரை உறுதியாகத் தாங்கியது, கலம் மூழ்கவே இல்லை!

சோவியத் விண்வெளித் திட்டத்தின் மூளையாக இருந்த செர்கெய் கொரலியோவ் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. மூன்று வாரங்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார்.

நிலாத்தரையிலிருந்து வந்த முதல் படத்தை வெளியிட முந்திக்கொண்டது ஒரு லண்டன் நாளிதழ்!

லூனா 9 அனுப்பிய சமிக்ஞையை இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கியும் ஒட்டுக்கேட்டது. அந்த ஒலியைக் கேட்டவர்களுக்கு ஒரே ஆச்சரியம். பத்திரிகை அலுவலகங்கள் தொலைதூரத்துக்குப் படம் அனுப்பும் அதே முறை! உடனே 'டெய்லி எக்ஸ்பிரஸ்' நாளிதழிடம் படம் வாங்கும் கருவி ஒன்றை இரவல் பெற்று இணைத்தார்கள். காகிதத்தில் கோடு கோடாக நிலாத்தரை விரிந்தது: கூழாங்கற்கள், சின்னச் சின்னப் பள்ளங்கள், நீண்ட நிழல்கள். மாஸ்கோ வெளியிடும் முன்பே லண்டனில் அச்சாகிவிட்டது!

நான்கு மாதம் கழித்து, ஜூன் 2 அன்று, அமெரிக்காவின் சர்வேயர் 1 இதே பெருங்கடலில் மெதுவாக இறங்கி, 11,000-க்கும் மேற்பட்ட படங்களை அனுப்பியது.

மூன்று முறை தரையிறங்கிய விண்கலம்!

1967 ஏப்ரல் 20. சர்வேயர் 3 இங்கே ஒரு பள்ளத்தின் சரிவில் இறங்கியது. தரையைத் தொட்டும் எஞ்சின்கள் அணையவில்லை. கலம் துள்ளி எழுந்தது, மீண்டும் இறங்கியது, மீண்டும் துள்ளியது! மூன்றாவது முறைதான் ஒழுங்காக நின்றது. பிறகு தன் சிறிய கையால் மண்ணைக் கிளறிக் குழி தோண்டிக் காட்டியது. அதைத் தேடிக்கொண்டு ஒருநாள் மனிதர்களே வரப்போகிறார்கள் என்று அப்போது யார் கண்டது?

ஒரே ராக்கெட், அதில் இரண்டு இடி!

1969 நவம்பர் 14, மழை மேகம் சூழ்ந்த காலைப்பொழுது. பீட் கான்ராட், டிக் கார்டன், ஆலன் பீன் மூவரையும் ஏற்றிக்கொண்டு அப்போலோ 12 கிளம்பியது. 36-வது விநாடியில் மின்னல் தாக்கியது, 52-வது விநாடியில் இன்னொன்று! கலத்துக்குள் எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் எரிந்தன, கட்டுப்பாட்டு அறைக்கு வந்த எண்கள் தாறுமாறாயின. ஜான் ஆரன் என்ற இளம் பொறியாளர் மட்டும் தடுமாறவில்லை. ஏதோ ஒரு பழைய சோதனையில் இதே தாறுமாறு எண்களைப் பார்த்த ஞாபகம் அவருக்கு. ஒரு சுவிட்சைத் துணை நிலைக்கு மாற்றச் சொன்னார். அது என்ன சுவிட்ச் என்பது தலைவர் கான்ராடுக்கே தெரியவில்லை. ஆலன் பீனுக்குத் தெரிந்திருந்தது. மாற்றினார், எண்கள் ஒழுங்குக்கு வந்தன, பயணம் பிழைத்தது! புயல் பெருங்கடலுக்குப் போகிறவர்களுக்குப் பொருத்தமான வழியனுப்பு விழா!

3.8 லட்சம் கிலோமீட்டர் தூரம் போய், 160 மீட்டர் பக்கத்தில் இறங்கினார்கள்!

அப்போலோ 11 குறித்த இடத்தைச் சில கிலோமீட்டர் தாண்டி இறங்கியிருந்தது. இந்த முறை சொன்ன இடத்தில் சொன்னபடி இறங்கிக் காட்ட வேண்டும் என்பது சவால். இலக்கு: இரண்டரை ஆண்டுகளாக அங்கே நின்றுகொண்டிருந்த சர்வேயர் 3! நவம்பர் 19 அன்று கான்ராடும் பீனும் அதிலிருந்து சுமார் 160 மீட்டரில் இறங்கினார்கள். மறுநாள் நடந்தே போய் அதன் கேமராவையும் மண் தோண்டும் கரண்டியையும் வெட்டி எடுத்து வந்தார்கள். வெள்ளையாகப் போன சர்வேயர் பழுப்பேறி நின்றிருந்தது. அவர்களுடைய கலம் இறங்கும்போது கிளப்பிய புழுதி, அத்தனை தூரத்திலும் அதன் மேல் சரமாரியாக மோதியிருந்த தடயமும் கிடைத்தது. நிலாவில் ஒரு கலத்துக்குப் பக்கத்தில் இன்னொன்றை எவ்வளவு நெருக்கமாக இறக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இன்றும் புரட்டும் பாடம் அது!

நிலாவில் மிகவும் பயன்பட்ட கருவி எது? சுத்தியல்!

நிலாவில் இறங்கிய முதல் வண்ணத் தொலைக்காட்சிக் கேமராவை இடம் மாற்றும்போது, அது சூரியனை நேராகப் பார்த்துவிட்டது. படம் போயிற்று! பீன் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், பலனில்லை. உலகம் முழுக்கத் தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஏமாற்றம்.

அடுத்த சோதனை உடனே வந்தது. ஆய்வுக் கருவிகளுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டிய புளூட்டோனிய எரிபொருள் உருளை, உறையை விட்டு வர மறுத்தது. மறுபடி சுத்தியல்! கான்ராட் உறையின் மேல் ஓங்கித் தட்டத் தட்ட, பீன் உருளையை மெல்ல மெல்ல இழுத்து வெளியே எடுத்தார். கோடி கோடியாகச் செலவழித்த அணுமின் கருவி இப்படித்தான் வேலை செய்யத் தொடங்கியது. அங்கே வைத்துவிட்டு வந்த கருவிகள் 1977 செப்டம்பர் 30 வரை தகவல் அனுப்பின!

எடுக்க முடியாமல் போன அற்புதப் படம்!

இருவரும் சர்வேயர் பக்கத்தில் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள ரகசியத் திட்டம் போட்டிருந்தார்கள். யாருக்கும் சொல்லாமல் தானியங்கிக் கேமரா டைமர் ஒன்றையும் கொண்டுபோனார்கள். இருவரும் படத்தில் இருந்தால் எடுத்தது யார் என்று பூமியில் எல்லோரும் மண்டையைப் பிய்த்துக்கொள்வார்கள் அல்லவா? ஆனால் தேவைப்பட்ட நேரத்தில் டைமர் பையில் கற்களுக்கு அடியில் எங்கோ மாட்டிக்கொண்டது, கைக்கு அகப்படவே இல்லை! பிற்காலத்தில் ஓவியராக மாறிய ஆலன் பீன், அந்தப் படத்தைத் தூரிகையால் வரைந்து ஆசையைத் தீர்த்துக்கொண்டார். பயிற்சி முடித்த விண்வெளி வீரருக்குத் தரும் தன் வெள்ளிச் சின்னத்தை அவர் அங்கே ஒரு பள்ளத்துக்குள் வீசிவிட்டு வந்தார். இன்றும் அது அங்கேதான் கிடக்கிறது!

நிலா ஒரு மணி நேரம் அதிர்ந்தது!

வேலை முடிந்து தாய்க்கலத்துக்குத் திரும்பிய பின், அவர்கள் ஏறிவந்த பகுதியை வேண்டுமென்றே நிலாத்தரையில் மோதவிட்டார்கள். பூமியில் இத்தகைய மோதலின் அதிர்வு சட்டென்று அடங்கிவிடும். அங்கே வைத்திருந்த நிலநடுக்கமானியோ கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அதிர்வைப் பதிவு செய்துகொண்டே இருந்தது! நிலாவின் மேலோடு காய்ந்து, நொறுங்கிக் கிடக்கிறது. அதிர்வை உறிஞ்ச உள்ளே ஈரமில்லை. அலைகள் சிதறிச் சிதறி அலைந்துகொண்டே இருந்தன.

தூக்கி எறிந்த ராக்கெட் பாகம் 33 ஆண்டு கழித்து எட்டிப் பார்த்தது!

2002-இல் பூமியைச் சுற்றும் புதிய பொருள் ஒன்றை ஓர் அமெச்சூர் வானியலாளர் கண்டுபிடித்தார். புது நிலாவோ, விண்கல்லோ என்று பார்த்தால், அதன் ஒளியில் வெள்ளைப் பெயின்ட்டின் சாயல்! அப்போலோ 12-ஐ ஏற்றிச் சென்ற ராக்கெட்டின் மூன்றாம் அடுக்கு அது என்பதே அறிஞர்களின் முடிவு. சூரியனைச் சுற்றப் போயிருந்தது, சில காலம் பூமிப் பக்கம் வந்து தலைகாட்டிவிட்டு மறுபடி போய்விட்டது.

மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆனால் கோலம் மட்டும் உண்டு!

சமவெளியின் மேற்கில் ரெய்னர் காமா என்ற வெள்ளைச் சுழி ஒன்று. சுமார் 70 கிலோமீட்டர் நீளம். சுண்ணாம்பில் கை நனைத்து இழுத்துவிட்ட மாதிரி இருக்கும் அதைத் தொட்டுப் பார்த்தால் மேடு பள்ளம் எதுவும் தட்டாது, நிறம் மட்டுமே! நிலா முழுமைக்கும் இப்போது காந்தப் புலம் கிடையாது. ஆனால் இந்த இடத்தில் பாறைக்குள் வலுவான காந்தம் பதுங்கியிருக்கிறது. அது சூரியனிலிருந்து பாயும் துகள்களைத் திசைதிருப்பிவிடுகிறது. அந்தத் துகள்கள் படாத மண் கறுத்துப்போகாமல் வெளுப்பாகவே இருக்கிறது என்பது பரவலாக ஏற்கப்படும் விளக்கம்.

நிலாவில் குடியேற ரெடிமேட் குகைகள்!

மாரியஸ் குன்றுகள் என்ற பகுதியில் நூற்றுக்கணக்கான எரிமலைக் குமிழ்கள். அங்கே 2009-இல் ஜப்பானின் ககுயா விண்கலம் செங்குத்தாக இறங்கும் ஒரு துளையைக் கண்டது. அகலம் பல பத்து மீட்டர், சுவர்கள் நெட்டுக்குத்து! எரிமலைக் குழம்பு ஓடி வடிந்த பின் காலியாகிவிட்ட குழாயின் கூரை இடிந்து உண்டான வாசல் அது என்று கருதுகிறார்கள். உள்ளே போனால் கதிர்வீச்சும் விண்கற்களும் தொட முடியாது.

நம் சந்திரயான் 1-க்கும் இதில் பங்கு உண்டு! தமிழ்நாட்டைச் சேர்ந்த மயில்சாமி அண்ணாதுரை திட்ட இயக்குநராக இருந்த அந்தக் கலத்தின் கேமராப் படங்களை அலசிய இஸ்ரோ அறிஞர்கள், இதே பெருங்கடலில் கூரை இடியாத எரிமலைக் குழாய் ஒன்றை 2011-இல் அறிவித்தார்கள். நீளம் ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல். எதிர்கால நிலாவாசிகளுக்கு அது நல்ல முகவரி!

ஹெர்ஷலையே ஏமாற்றிய பள்ளம்!

யுரேனஸைக் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷல், 1787-இல் நிலாவில் எரிமலை எரிவதாக அறிவித்தார். அவர் பார்த்தது பெரும்பாலும் அரிஸ்டார்க்கஸ் பள்ளமாக இருக்க வேண்டும் என்கிறார்கள். இதே பெருங்கடலில் இருக்கும் 40 கிலோமீட்டர் அகலமுள்ள அது, நிலாவின் மிகப் பிரகாசமான பெரும்பள்ளம். பூமியிலிருந்து எதிரொளிக்கும் மங்கல் வெளிச்சத்திலும் பளிச்சென்று தெரியும்! அதன் பக்கத்திலேயே ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு, எரிமலைக் குழம்பு அரித்துத் தோண்டிய நெளிநெளியான கால்வாய். நீளம் 150 கிலோமீட்டருக்கும் மேல், அகலம் சில இடங்களில் 10 கிலோமீட்டர். ஊற்றுக்கண் இருக்கும் இடம் படமெடுத்த பாம்பின் தலை போலவே இருப்பதால் அதற்கு 'நாகத்தலை' என்றே பெயர்!

வட்டம் என்று நினைத்தோம், செவ்வகம் தெரிந்தது!

3,000 கிலோமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் பறித்த ஒரு ராட்சத விண்கல்தான் இந்தச் சமவெளிக்குக் காரணம் என்று பலர் நம்பிவந்தார்கள். 2012-இல் கிரெயில் இரட்டைக் கலங்கள் நிலாவின் ஈர்ப்பு விசையை இஞ்ச் இஞ்சாக அளந்தன. அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள் அவற்றுக்கு வைத்த பெயர்கள் எப், ஃப்ளோ. அவை தந்த வரைபடத்தில் தெரிந்ததோ வட்டமே அல்ல, கோணம் கோணமாக மடங்கும் எல்லை! குளிர்ந்து சுருங்கியபோது மேலோடு விரிசல் விட்டு, அதில் எரிமலைக் குழம்பு நிரம்பியதன் தழும்புகள் அவை என்று 2014-இல் ஓர் ஆய்வுக் குழு சொன்னது. கடலின் எல்லையை வெளியிலிருந்து வந்த அடி கீறவில்லை, உள்ளிருந்த சூடு கீறியது என்பது அவர்கள் முடிவு!

உள்ளே அத்தனை சூடு எங்கிருந்து வந்தது? அப்போலோ 12 கொண்டுவந்த மண்ணிலேயே ஒரு துப்பு இருந்தது. பொட்டாசியம், அருமண் தனிமங்கள், பாஸ்பரஸ் மூன்றும் மிகுந்த விசித்திரப் பாறை அதில் கிடைத்தது. 'கிரீப்' என்று பெயர் வைத்தார்கள். அதில் தோரியமும் யுரேனியமும் சேர்ந்தே இருக்கும், அவை சிதையச் சிதைய வெப்பம் பிறக்கும். 1998-இல் லூனார் புராஸ்பெக்டர் விண்கலம் போட்ட தோரிய வரைபடத்தில், நிலாவிலேயே அதிகம் ஒளிர்ந்தது இந்தப் பகுதிதான்!

செத்துவிட்டது என்று நினைத்த நிலா 200 கோடி ஆண்டுக்கு முன்பும் எரிந்தது!

அப்போலோ கற்களின் வயது பெரும்பாலும் 300 கோடி ஆண்டுக்கு மேல். எனவே எரிமலைகள் அப்போதே அணைந்துவிட்டன என்பது நெடுநாள் எண்ணம். 2020 டிசம்பர் 1 அன்று சீனாவின் சாங்-இ 5 இந்தப் பெருங்கடலின் வடக்கே ரும்கர் மலைப் பக்கம் இறங்கியது. துளையிட்டது, மண் அள்ளியது, நிலாவைச் சுற்றும் பாதையில் மனிதர் யாருமின்றித் தாய்க்கலத்தோடு இணைந்தது, 1,731 கிராம் மண்ணோடு உள்மங்கோலியாவின் பனித்தரையில் வந்து விழுந்தது. 1976-க்குப் பின் பூமிக்கு வந்த முதல் நிலா மண்!

வயதைக் கணக்கிட்டால் சுமார் 200 கோடி ஆண்டு. சரி, கிரீப் வெப்பம்தான் காரணமாக இருக்கும் என்று பார்த்தால், அந்தக் குழம்பு பிறந்த ஆழத்தில் அந்தத் தனிமங்கள் மிகக் குறைவு! தண்ணீராவது உருகுநிலையைக் குறைத்ததா என்றால், அதுவும் அங்கே சொற்பம்! பிறகு எப்படி உருகியது? பதில் தேடும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

இத்தோடு முடியவில்லை. அதே மண்ணில் சுமார் 3,000 கண்ணாடி மணிகளைச் சலித்துப் பார்த்ததில் மூன்று மட்டும் எரிமலையில் பிறந்தவை. 2024-இல் வெளியான அவற்றின் வயது சுமார் 12 கோடி ஆண்டு. பூமியில் டைனோசர்கள் உலவிய காலம்! வேறு மணிகளில் சூரியத் துகள்களால் உண்டான நீரும் சிறைப்பட்டிருந்தது. நீரில்லாக் கடலுக்குள் நீர்!

40 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு 36 கிலோ!

இந்தப் பெருங்கடலில் இருந்து பூமிக்கு வந்திருப்பது எவ்வளவு தெரியுமா? அப்போலோ 12 கொண்டுவந்த சுமார் 34 கிலோ, சாங்-இ 5 கொண்டுவந்த ஒன்றேமுக்கால் கிலோ. மொத்தம் 36 கிலோ, அதுவும் இரண்டே இடங்களிலிருந்து! அதற்குள்ளாகவே நிலாவின் வெப்ப வரலாற்றை இத்தனை முறை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. மாரியஸ் குகைக்குள் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ரெய்னர் காமாவின் வெள்ளை மண்ணை யாரும் அள்ளவில்லை. நாகத்தலையின் ஓரத்தில் யாரும் கால் வைக்கவில்லை. இன்னும் எத்தனை பாடப்புத்தகங்களைத் திருத்த வேண்டிவருமோ, யார் கண்டது!